பல்லேகலவின் பதிவேடு

(சங்கத்தின் ஆண்டு விழாவில் இளைஞர் பகுதியின் சார்பில் நிகழ்த்தப்பட்ட பேச்சு)



இம்மேடையில் விஞ்ஞானம் பற்றி ஒரு பேச்சு இருத்தல் வேண்டுமென்று செயலாளர் அவர்கள் பணித்தபோது, நாம் நால்வர் கூடி ஆலோசித்தோம். சந்திரனுக்குச் சென்ற ஓடங்களைப் பற்றிப் பேசலாம் என்றார் ஒருவர். பேசும் இயந்திரங்களைப் பற்றிப் பேசலாம் என்றார் மற்றொருவர். அவ்வளவு தூரம் போவானேன், நாம் அன்றாடம் பஸ்ஸில் கடந்து செல்லும் பல்லேகலவிலேயே ஒரு பொருள் இருக்கின்றதே என்று ஈற்றில் தீர்மானித்தோம். நாமே அதனைப் பல்கலைக்கழகத்திற்குச் சென்ற பின்னர்தான் அறிந்தோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம்.

2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 29ஆம் திகதி இரவு, திகன, அனுரகம பக்கங்களில் நிலம் அதிர்ந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அதன் பின்னரும் அவ்வாண்டில் பன்முறை அதிர்ந்தது. கல்லுடைக்கும் வெடி என்றனர் சிலர். 122 மீற்றர் உயரமான விக்டோரியா அணைக்கட்டை நினைத்து உறக்கமின்றி இருந்தனர் சிலர். எம்மில் ஒருவரின் பாட்டியார் மட்டும் வேறொரு கேள்வி கேட்டார்: “அது கிடக்கட்டும் தம்பி, இதையெல்லாம் யாராவது எழுதி வைக்கிறார்களா?” இப்பேச்சு அந்தக் கேள்விக்கு நாம் தேடிய விடையே ஆகும்.

எழுதி வைக்கிறார்கள். பல்லேகலவில் 2000ஆம் ஆண்டிலிருந்து ஒரு புவிநடுக்கப் பதிவு நிலையம் இயங்கி வருகின்றது. உலகெங்கும் பரந்துள்ள ஏறக்குறைய 150 நிலையங்களைக் கொண்ட வலையமைப்பு ஒன்றில் அதுவும் ஓர் உறுப்பு. கலிபோர்னியாவிலுள்ள ஸ்கிரிப்ஸ் சமுத்திரவியல் நிறுவகத்தின் ‘ஐடா’ என்னும் திட்டமும், எமது நாட்டின் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகமும் அதனுடன் தொடர்புடையவை. ஆங்கிலத்தில் அந்நிலையத்திற்கு இட்ட நாலெழுத்துப் பெயர், பாக்கு நீரிணையின் பெயரை ஆங்கிலத்தில் எழுதுவது போலவே அமைந்துவிட்டது. அதனைக் கண்ட எம்மில் ஒருவர், கருவி தலைமன்னாருக்கு அப்பால் கடலில் கிடக்கிறதென்று ஒரு வாரம் நம்பியிருந்தார்.

இனி அது எவ்வளவு எழுதுகிறது என்று பார்ப்போம். நிலம் மேலும் கீழும், வடக்குந் தெற்கும், கிழக்கும் மேற்குமாக மூன்று திசைகளில் அசைகின்றது. ஒவ்வொரு திசைக்கும் செக்கனுக்கு 20 தடவை ஓர் எண் குறிக்கப்படுகிறதென்று கொள்வோம். நாளொன்றுக்கு 51 இலட்சத்து 84 ஆயிரம் எண்கள் சேரும். ஓராண்டில் ஏறக்குறைய 189 கோடி. இது ஒரு நிலையத்தின், அதுவும் ஒரு வரிசையின் கணக்கு. இதைவிட விரைவாக அளக்கும் வரிசைகளும் உள. நிலம் அசையாத நாளிலும் எழுதிக்கொண்டேயிருக்க வேண்டும். ஏனெனில் எது அசையாத நாள் என்பது பின்னர்தான் தெரியும்.

இவ்வளவையும் எங்ஙனம் அடக்குவது? இங்கே கடை நடத்தும் பெரியோர்கள் பலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு இது எளிதில் விளங்கும். பெட்டியில் இருக்கும் மொத்தப் பணத்தை ஒவ்வொரு வியாபாரத்தின் பின்னும் எண்ணி எழுதுவோர் இல்லை. வந்தது இவ்வளவு, போனது இவ்வளவு என்று மாத்திரமே எழுதுவர். நிலத்தின் அசைவும் பெரும்பாலும் முன்னைய நிலையிலிருந்து சிறிதளவே வேறுபடுவதால், முழு எண்ணை எழுதாமல் வேற்றுமையை மட்டும் எழுதினாற் போதும். முழு எண் ஒன்று பிடிக்கும் இடத்தில் நான்கு சிறு வேற்றுமைகளை வைத்துவிடலாம். ஸ்ரைம் என்பவர் 1980களில் வகுத்த இம்முறையே இன்றும் இத்துறையில் வழங்குகிறது. நாம் வியந்த விஷயம் இன்னொன்று. ஒவ்வொரு சிறு பொதியின் தலைப்பிலும் தொடக்க எண்ணும் இறுதி எண்ணும் முழுமையாக எழுதப்பட்டிருக்கும். இடையிலுள்ள வேற்றுமைகளைக் கூட்டிக்கொண்டு போனால் அந்த இறுதி எண் வர வேண்டும். வராவிட்டால் அப்பொதி பழுதென்று தெரிந்துவிடும். கணக்கப்பிள்ளை முற்பக்க மீதியையும் கைமீதியையும் ஒப்பிடுவதும் இதுவும் ஒன்றே.

நிற்க. எழுதியதை எவ்வாறு கடல் கடத்துவது? ஐடா திட்டம் 1970களில் தொடங்கிய காலத்தில், தூர தேசத்து நிலையங்கள் நாடாக்களில் பதிந்து அவற்றைத் தபாலில் அனுப்பின. நாடா போய்ச் சேர வாரங்களாகும். அதற்கும் முன்னர், 1899ஆம் ஆண்டளவில் கொடைக்கானலில் மில்ன் என்பாரின் கருவி வைக்கப்பட்ட நாட்களில், அத்தகைய நிலையங்களின் குறிப்புக்கள் கப்பலேறி இங்கிலாந்தின் வைற் தீவிலிருந்த அவருடைய இல்லத்திற்குச் சென்றன. இன்று செய்மதி வழியாகவும் இணைய வழியாகவும் சில செக்கன்களில் போகின்றன.

வேகம் வந்ததனால் வழி தவறாது என்று எண்ணிவிடக் கூடாது. மழை பெய்தால் செய்மதித் தொடர்பு அறும்; மின்சாரம் நின்றால் கம்பித் தொடர்பு அறும். ஜெர்மனியின் பொட்ஸ்டாம் நகரத்தில் உருவான ‘சீட்லிங்க்’ என்னும் முறை இதற்குச் செய்யும் பரிகாரம் அழகானது. ஒவ்வொரு பொதிக்கும் தொடர் எண் உண்டு. அனுப்புமிடத்தில் அண்மைக்காலப் பொதிகள் அனைத்தும் வளையம் போன்ற ஒரு களஞ்சியத்தில் காத்திருக்கும். தொடர்பு அறுந்து மீண்டதும், “எமக்கு இன்ன எண் வரை வந்தது; அதற்கடுத்ததிலிருந்து தருக” என்று பெறுபவர் கேட்பார். அந்தாதி பாடுவோர் ஒரு பாட்டு விடுபட்டால் உடனே அறிந்துகொள்வது எதனால்? முன்னைய பாட்டின் ஈறு அடுத்த பாட்டின் தொடக்கமாக வரவேண்டும் என்பதனால். நூறு பாட்டில் ஒன்று தவறினாலும் சங்கிலி காட்டிக்கொடுத்துவிடும். எண் கொண்டு செய்வதை எம் முன்னோர் சொற்கொண்டு செய்தனர் எனலாம். இதனைக் கேட்டு, கணினியை நாமே கண்டுபிடித்தோமென்று எவரும் அடுத்த மேடையில் முழங்கிவிட வேண்டாம்!

இவ்வாறு சென்ற பதிவுகள் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்திலிருந்து நடத்தப்படும் தரவு நிலையத்திற் சேர்ந்தன. அதனை ‘ஐரிஸ்’ என்னும் பல்கலைக்கழகக் கூட்டமைப்பு நடத்தி வந்தது. 2023 முதல் அது வேறோர் அமைப்புடன் இணைந்து ‘எர்த்ஸ்கோப்’ என்ற பெயரில் இயங்குகிறது. அங்குள்ள சேமிப்பு பல நூறு தெராபைற்று அளவினது. அணுவின் உட்பொருளை ஆராயும் ஜெனீவாவின் சேர்ண் ஆய்வுகூடத்தோடு ஒப்பிட்டால் இது சிறிதே. சேர்ணின் தட்டுச் சேமிப்பு 2023இல் பத்து இலட்சம் தெராபைற்றைக் கடந்தது. நீண்டகாலப் பாதுகாப்புக்கு இன்றும் காந்த நாடாவையே அவர்கள் பயன்படுத்துகிறார்கள் என்பது பலருக்குப் புதுமையாக இருக்கும். அங்கே பொருள் பெரிது. ஆயினும் எமக்கு இங்கேயுள்ளதே முக்கியம். எமது காலடி நிலத்தின் எழுத்து இதிற்றான் இருக்கிறது.

அந்தச் சேமிப்பின் கதவு பூட்டப்படவில்லை. பணமோ பரிந்துரைக் கடிதமோ வேண்டாம். நிலையத்தின் பெயர், திகதி, நேரம் ஆகியவற்றைக் குறித்துக் கேட்டால், கேட்பவர் பேராசிரியரா மாணவரா என்று பாராமல் தருகிறார்கள். ஆகவே நாம் ஒருநாள் இரவு விடுதி அறையிலிருந்து, 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதிக்குரிய பல்லேகலப் பதிவில் ஒரு மணித்தியாலத்தைக் கேட்டோம். சில நிமிடங்களில் வந்துவிட்டது. ஒரு கைப்பேசிப் படத்தின் அளவுக்கும் அது குறைவு.

அதனைத் திறந்து திரையில் வரைந்தபோது முதலில் கோடு ஏறக்குறைய நேராகச் சென்றது. பின்னர் ஓரிடத்தில் நடுங்கியது. பின்னர் திரை முழுவதும் கோடு மேலும் கீழும் பாய்ந்தது. நாம் ஒருவரோடொருவர் பேசவில்லை. எம்மில் இருவரின் உறவினர் கிழக்குக் கரையில் அன்று மறைந்தவர்கள்.

நடுக்கம் தொடங்கிய நேரத்தைக் கணித்தோம். கோப்பில் நேரம் கிறீனிச் நேரப்படி எழுதப்பட்டிருந்தது. ஐந்தரை மணித்தியாலம் கூட்டினோம். காலை 6 மணி 32 நிமிடம் என்று வந்தது. அதனைக் குறிப்பேட்டில் எழுதி, இங்குள்ள ஒரு பெரியவரிடம் காட்டினோம். அவர் ஓய்வுபெற்ற தபாலதிபர். கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திவிட்டு அவர் சொன்னார்: “தம்பிமாரே, அது பிழை. அந்த நாளில் எங்கள் மணிக்கூடு அரை மணி முந்தி ஓடியது.” உண்மைதான். 1996இல் மின்சாரத் தட்டுப்பாட்டின் போது முன்னே தள்ளப்பட்ட இலங்கையின் நேரம், 2006 ஏப்ரலில்தான் பழையபடி ஐந்தரைக்குத் திரும்பியது. 2004இல் வேற்றுமை ஆறு மணித்தியாலம். கோப்பு பிழைவிடவில்லை, பட்டதாரி ஆகப்போகிற நாமே பிழைவிட்டோம்.

திருத்திய கணக்கு இது. சுமாத்திராவின் மேற்கே நிலம் பிளந்தது எமது நேரப்படி காலை 6 மணி 59 நிமிடமளவில். ஏறக்குறைய 1,700 கிலோமீற்றர் கடந்து முதலாவது அலை பல்லேகலவை அடைந்தது 7 மணி 2 நிமிடம் கழிந்து சில செக்கன்களில். அதன் பின்வந்த நீண்ட அலைகளில் இலங்கையின் நிலம் மொத்தத்தில் 9 சென்ரிமீற்றர் வரை எழுந்து தாழ்ந்தது என்று ஆய்வாளர் கணித்திருக்கிறார்கள். அது மிக மெதுவாக நிகழ்ந்தமையால் எம்மவரில் மிகப் பலர் உணரவில்லை. கடல் கிழக்குக் கரையை அடைந்தது 9 மணியளவில். பெரலியவில் ரயிலை மூடியது ஒன்பதரை மணியளவில்.

இடையில் இருந்தது ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம்.

ஹவாயிலிருந்த பசிபிக் எச்சரிக்கை நிலையம் உலக நிலையங்களின் பதிவுகளைக் கொண்டு 7 மணி 14 நிமிடத்திற்குத் தன் முதலாவது அறிவித்தலை வெளியிட்டது. அதில் நடுக்கத்தின் அளவு 8.0 என்றிருந்தது, பின்னர் நிறுவப்பட்டது 9.1. மேலும் அது பசிபிக் நாடுகளுக்கான அறிவித்தல். இந்து சமுத்திரத்திற்கென்று அன்று ஓர் எச்சரிக்கை முறையே இருக்கவில்லை. பல்லேகலவின் எழுத்து உலகத்தின் மறுகோடிக்குப் போவதற்கு வழி அமைக்கப்பட்டிருந்தது. கல்முனைக்கும் முல்லைத்தீவுக்கும் காலிக்கும் ஒரு வார்த்தை போவதற்கு வழி அமைக்கப்பட்டிருக்கவில்லை. இலங்கையில் மாத்திரம் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். தரவை அனுப்புதல் என்பது எந்திரங்களுக்கிடையில் முடிந்துவிடும் காரியம் என்று நாம் பாடப்புத்தகத்திற் படித்திருந்தோம். அந்தக் கோட்டைத் திரையிற் பார்த்த பின் அவ்வாறு படிக்க எமக்கு முடியவில்லை.

பின்னர் நிலைமை மாறியது என்பதையும் கூறுதல் வேண்டும். 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம் அமைந்தது. இந்தியா, அவுஸ்திரேலியா, இந்தோனீசியா ஆகியவற்றின் எச்சரிக்கை நிலையங்கள் 2011 முதல் இச்சமுத்திரத்திற்குச் சேவை செய்கின்றன. 2012 ஏப்ரல் 11இல் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவு நடுக்கம் நேர்ந்தபோது, எமது கரையோர மக்கள் கடல் வருமுன் மேட்டுக்குச் சென்றனர். கடல் அன்று பெரிதாக எழவில்லை. சிலர் அதனை வீண் அலைச்சல் என்று பரிகசித்தனர். அப்படிப் பரிகசிக்க உயிரோடு இருந்தனரே என்பதே எமது எண்ணம்.

பல்லேகல ஒன்றினால் மட்டும் நடுக்கம் எவ்விடத்தில் என்று உறுதியாகச் சொல்லவும் இயலாது. ஒரு நிலையம் முதலாவது அலைக்கும் இரண்டாவது அலைக்கும் இடைப்பட்ட நேரத்தைக் கொண்டு தூரத்தைச் சொல்லும். அத்தூரத்தில் ஒரு வட்டம் வரையலாம். வட்டத்தின் எப்பக்கம் என்பது இரண்டாம், மூன்றாம் நிலையங்களின் வட்டங்கள் வந்து வெட்டும்போதுதான் தெளிவாகும். ஹக்மனவிலும் மகாகனதராவையிலும் புத்தங்கலவிலும் நிலையங்கள் பின்னர் சேர்க்கப்பட்டமை இதனால் முக்கியமானது. இத்துறையில் ஒருவர் தம் பதிவைப் பூட்டி வைத்தால் அது அவருக்கே பாதி பயனற்றதாகிவிடும்.

நீண்ட காலம் காத்து வைப்பதனால் வரும் பயன் வேறு. கோயில் மணியை அடித்த பின்னரும் நாதம் நின்றொலிப்பது போல, அந்த நடுக்கத்தின் பின் பூமி முழுவதும் வாரக்கணக்கில் அதிர்ந்துகொண்டிருந்தது. ஏறக்குறைய இருபது நிமிடத்திற்கு ஒருமுறை பூமி முழுவதும் நுண்ணளவில் விரிந்து சுருங்கியது. காதுக்குக் கேளாத அந்நாதத்தை, விட்டுப்போகாத பதிவுகளைக் கொண்டே அறிஞர் கண்டனர். யாருக்கு என்ன பயன் என்று தெரியாமல் சேர்த்த எண்கள் அவை.

இனி, எமது இரண்டாவது பிழையையும் சொல்லிவிடுகிறோம். அன்றிரவு வந்த எண்கள் நாலாயிரம், பத்து இலட்சம் என்றிருந்தன. நாலாயிரம் என்ன? மில்லிமீற்றரா, வேறா? எமக்குத் தெரியவில்லை. எந்தக் கருவி, எந்நாளில் வைக்கப்பட்டது, எத்தனை எண்ணுக்கு எவ்வளவு அசைவு, எத்திசை நோக்கியது என்ற விவரங்கள் தனிக் கோப்பாக இருக்கின்றன. அதனை நாம் கேட்டுப் பெறவில்லை. பின்னர் பெற்றுச் சேர்த்த பின்பே எண்கள் பொருள் தந்தன. நூல் இருந்து, நூலாசிரியர் பெயரும் காலமும் திணையும் துறையும் கிழிந்துபோன ஏட்டை எண்ணிப் பாருங்கள்.

ஏட்டைச் சொன்னதும் சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளை அவர்கள் நினைவுக்கு வருகிறார். நாமும் மிஷன் பாடசாலையில் கற்றவர்கள் என்பதால், வட்டுக்கோட்டைச் செமினரியில் கற்ற அவரிடம் எமக்கு ஒரு தனி உரிமை உண்டு. தொட்டால் உதிரும் ஏடுகளைத் தேடித் தேடி, ஒரு பிரதியை மறு பிரதியோடு ஒப்பிட்டு, 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். ஒரே ஊரில் ஒரே பிரதியாக இருந்த நூல்கள் கறையானுக்கும் ஆற்றுக்கும் போயின. பல ஊர்களில் பிரதி இருந்தவை பிழைத்தன. எமது தலைமுறை பிறக்குமுன் நடந்ததாயினும் யாவரும் அறிந்தது: 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் வேறெங்கும் பிரதியில்லாதவை இருந்தன. அச்சிட்ட புத்தகத்தைத் திரும்ப வாங்கலாம். அவற்றை எங்கே வாங்குவது?

ஆகவேதான் இந்நாளைய தரவு நிலையங்கள் ஒரே கோப்பை வெவ்வேறு இடங்களில் வைக்கின்றன. நாமோ அவ்வாறு செய்யவில்லை. சென்ற ஆண்டு ஓர் ஓடையின் நீர்மட்டத்தை மூன்று மாதம் அளந்து ஒரேயொரு சிறு நினைவுக்கோலில் வைத்திருந்தோம். எம் தோழர் ஒருவர் அதில் திரைப்படம் ஏற்றிக்கொண்டார். படம் நன்றாயிருந்ததாம்.

பல்லேகலவின் எழுத்தைக் காக்கும் அந்த வலையமைப்பு பெரும்பாலும் அமெரிக்க அரசின் நிதியில் நடப்பது. அது வேறொரு நாட்டின் ஆண்டு வரவு செலவில் தங்கியிருக்கிறது. அவர்கள் இதுவரை கதவைத் திறந்தே வைத்திருக்கிறார்கள். அதற்கு நன்றி கூற நாம் கடமைப்பட்டவர்கள். ஆயினும் எம் நிலத்தைப் பற்றிய பதிவில் ஒரு பிரதியாவது எம்மவர் கையில், வாசிக்கத் தெரிந்தவர் கையில், இருத்தல் வேண்டாமா? நாம் பெற்ற ஒரு மணித்தியாலக் கோப்பையும், அதன் விவரக் கோப்பையும், நேர வேற்றுமை பற்றித் தபாலதிபர் ஐயா சொன்ன குறிப்பையும் மூன்று பிரதிகளாக்கியுள்ளோம். ஒன்று எமது விடுதியில். ஒன்று தபாலதிபர் ஐயாவின் வீட்டு அலுமாரியில். மூன்றாவது இச்சங்கத்தின் நூல்நிலையக் கணினியில்.

2020 ஆகஸ்ட் 29 இரவுக்குரிய பதிவையும் கேட்டுப் பெற எண்ணியிருக்கிறோம். அந்தச் சிறு அதிர்வை மற்றச் சத்தங்களிலிருந்து பிரித்தெடுக்க எமக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை. வருகின்ற வெள்ளிக்கிழமை பூசை முடிந்த பின் நூல்நிலையத்தில் அதற்காகக் கூடுகிறோம். அன்றிரவு எத்தனை மணிக்கு எந்த வீட்டில் என்ன அசைந்தது என்று நினைவுள்ள பெரியவர்கள் வந்து சொன்னால் எமக்குப் பேருதவியாக இருக்கும். பாட்டியார் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.